குறிப்புக்கான கோடு

மைனாட்டில், கார்கள் வந்து நிற்கும் வங்கி ஜன்னலில்
பதினோரு குளிர்காலம் உட்கார்ந்திருக்கிறேன்.
காற்றுக்குழாயில் உருளை தொப்பென்று வந்து விழும்.
திறந்தால் காசோலை, சமயத்தில் ஒரு கையுறை,
நாய்க்கு பிஸ்கட் கேட்டு ஒரு துண்டுச்சீட்டு.

ஜனவரியில் பாதி ஊர் போன வருடத்திலேயே இருக்கும்.
தேதியைத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொல்வேன்.
"வருஷம் என்ன, டயரா? ஒரே ராத்திரியில் மாற்றிவிட"
என்பார் கோதுமை லாரி எல்ட்ரெட்.

எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு:
எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால்
எழுத்தில் இருப்பதே தொகை.
கட்டத்துக்குள் எதைக் கிறுக்கினாலும் சரி,
நீட்டி எழுதியதற்குத்தான் கட்டுப்படுவோம்.
மிச்ச இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும்,
இல்லையென்றால் யாராவது அங்கே
ஓர் ஆயிரத்தைக் குடிவைத்துவிடுவார்கள்.

இடது மூலையில், கீழே, குறிப்புக்கு ஒரு கோடு.
அதை வங்கி பொருட்படுத்துவதில்லை.
நான் படிப்பேன்.

மார்வா ஸ்டென்ஸ்ருட் மாதம் ஒன்றாம் தேதி
லைலுக்கு எழுதுவாள்:
நானூற்றுப் பன்னிரண்டு டாலர், நூறில் ஐம்பது.
வீட்டில் அவனுடைய பாதியை
முப்பத்தாறு தவணையில் வாங்கிக்கொண்டிருந்தாள்.
முதல் மாதக் குறிப்பு: கூரை.
அடுத்தது: கூரையின் அந்தப் பக்கம்.
பிறகு சமையலறை ஜன்னல். எலி வந்த அலமாரி.
நீ ஒழுங்காக ஆணி அடிக்காத மூன்றாம் படி.
ஒரு பிப்ரவரியில்:
கொதிகலன், செத்துப்போச்சு, இருந்தாலும் முழு விலை.

லைல் வெல்டிங் பட்டறையிலிருந்து வருவான்,
பின்சீட்டில் ஒற்றைக்காது நாய்.
தாளைத் திருப்பி, மேலே ஒன்றரை அங்குலத்துக்குள்
'வரவு வைக்க மட்டும்' என்று எழுதிக் கையெழுத்திடுவான்,
கோட்டுக்குக் கீழே ஓர் எழுத்தும் இறங்காது.
உருளையில் போடுமுன் மறுபடி முன்பக்கம் திருப்புவான்.
உதடு அசையும்.

கைபேசியில் படம் பிடித்தே வரவு வைக்கலாம் என்றேன் ஒருநாள்.
"தாள் என்கிட்டயே இருக்குமா?"
இரண்டு வாரம், பிறகு கிழித்துவிட வேண்டும்.
"கிழிக்கிற வேலை உன்னோடதாவே இருக்கட்டும்" என்றான்.

முப்பத்தாறாவது, அக்டோபரில் வந்தது. எண் 1147.
தேதி சரி. பெயர் சரி. எண்ணும் எழுத்தும் ஒன்று.
குறிப்பு: வாசல் கதவு.
வலப்பக்கக் கோடு காலி.

ஒலிபெருக்கியில் சொன்னேன்:
கையெழுத்து இல்லை, லைல். இது வெறும் தாள்.
அவளிடம் கொண்டுபோய்ப் போட்டு வாங்கி வாருங்கள்.
எஞ்சினை அணைத்தான். பின்னால் இரண்டு கார்.
"மறந்திருப்பாளா?"
அதற்கு விதி எதுவும் எனக்குத் தெரியாது.
உருளையைத் திருப்பி அனுப்பினேன்,
நாய்க்கான பிஸ்கட்டையும் சேர்த்து.

ஆறு மாதம் கடந்தால் காசோலை பழசு,
வங்கி மறுக்கலாம்.
ஏப்ரல் கடைசியில் மார்வா உள்ளேயே வந்தாள்,
பூட்ஸிலிருந்து பனித்தண்ணீர் சொட்ட.
பதிவேட்டைக் கவுண்டரில் விரித்தாள்.
ஒரு வரி தவிர எல்லாவற்றுக்கும் டிக்.
"இது இன்னும் கழியலை. நிறுத்திவைக்க எவ்வளவு?"
முப்பது டாலர்.

லைல் வந்ததைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.
சொல்லவில்லை.
சங்கிலி கட்டிய பேனாவை எடுத்தாள்,
படிவத்தில் தன் பெயர் வரை எழுதினாள்,
நிறுத்தினாள்.
"சரி, கிடக்கட்டும்" என்றாள்.
படிவத்தை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள்.

போகிறபோது
கண்ணாடிக் குடுவையிலிருந்து
பிஸ்கட் இரண்டு எடுத்துக்கொண்டாள்.

அவளிடம் நாய் கிடையாது.