வலது கால்

பெரிய வியாழன்.
பதினொரு பேர்தான் வந்திருந்தார்கள்.
பன்னிரண்டாவது அப்போஸ்தலரைத் தேடி
வாங்கில் வாங்கிலாய்ப் பார்த்து வந்த
சங்கிலித்தாம் சூசைதாசன்
தூணுக்குப் பின்னால் என்னைப் பிடித்தார்.
"ஐஸ் கொம்பனிக் கிளாக்கர், எழும்பி வாரும்.
காலைக் கழுவிப்போட்டோ வந்தனீர்?"
"இல்லை. வேலையால நேரே வாறன்."
"பரவாயில்லை, கழுவத்தானே போகினம்."

கடைசிக் கதிரை.
யூதாசினுடையதாக இருக்கலாம், கேட்கவில்லை.

இருபத்திரண்டு வருஷம்
ஐஸ் கட்டிக்குத் துண்டெழுதுகிறவன்,
குளிருக்குக் கூசமாட்டேன்.
புதுச் சுவாமியின் கை குதிக்காலைப் பிடித்ததும்
கூசியது.
கடைசியாய் என்னைத் தொட்டது யார்?
பெரியாசுப்பத்திரியில் பிறசர் பார்த்த பிள்ளை.
அது மாசியில்.

வீட்டில் ஆளில்லாமல் இல்லை.
யசிந்தா இருக்கிறாள்.
சோறு மூடி இருக்கும், லைற் பில் கட்டியிருக்கும்.
சண்டை எப்போது நின்றதென்று
இரண்டு பேருக்கும் நினைவில்லை.
பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல அது பாவமில்லை,
மன்றாட்டுப் பெட்டியில் எழுதிப்போட வருத்தமுமில்லை.

இரவு ஆராதனை.
மணி கட்டிவிட்டார்கள், மரக்கட்டைதான் தட்டினார்கள்.
ஒலிவ மரங்களுக்கிடையில் அவர்
நித்திரைகொண்ட சிநேகிதரைக் கேட்டதை
இவ்வளவு காலமும் ஏச்சென்றே நினைத்திருந்தேன்.
இன்றைக்கு வேறு மாதிரி விழுந்தது காதில்.
பயந்துபோன ஒரு மனுஷன்
முழங்காலில் இருந்து எழும்பி எழும்பி வந்து
யாராவது முழித்திருக்கிறார்களா என்று பார்க்கிறான்.
மூன்று தரம்.
கடவுளுக்கு அதில் வெட்கமில்லை.

எனக்கு அடுத்த அறை பத்தடி.
ஒரு தரமும் போகவில்லை.

பாசையூர்க் கடற்கரையால் நடந்து
வீடு வர பதினொன்றரை.
முழங்கால் வருத்தமென்று பூசைக்கு வராதவள்
றேடியோவில் வியாகுலப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தாள்.
வாசலில் செருப்பைக் கழற்றினேன்.
வழிநெடுக அடுக்கி வந்த வசனம்
தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது.
கொஞ்ச நேரம் இரன் என்னோட.
அவ்வளவுதான்.
அது வரவில்லை.

அவள்தான் குனிந்து பார்த்தாள்.
"இதென்ன, ஒரு கால் மட்டும் வெள்ளையாக் கிடக்கு?"
"சுவாமி கழுவினவர்."
"மற்றது?"

இடது காலில்
உமியும் துருத்தண்ணியும் அப்படியே.
பதில் தெரியாமல் நின்றேன்.

அவள் றேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள்.
நிற்பாட்டவில்லை.
குறைத்தாள்.