சுகம்

கடிகாரப் பெட்டிகளைச் சுமப்பவள்,
அவசியம் உண்டு என்று
கன்டோன் தாள் தந்துவிட்டது.
மிச்சம் என் கைதான்.

பீல் நகரக் கடையில், பச்சைக் கம்பளித் துணிமேல்
மூன்றை வைக்கிறார் கீகாக்ஸ்.
ஆகச் சின்னதை எடுக்கிறேன்.
இரண்டு கத்தரிக்காய்க் கனம்.
சட்டைக்குள் காணாமலே போகும்.

நிலவறையில் முதல் வெடி:
பெருவிரல் கவட்டில் தோல் கீறி ரத்தம்.
"சின்னதுதான் அதிகம் உதைக்கும்" என்கிறார்
பிளாஸ்டர் தேடியபடி.
கடுகின் காரம் எனக்குப் புதிதா?
சொல்லவில்லை.

நடுவில் இருந்தது
சுண்டுவிரலுக்கும் இடம் கொடுத்தது.
ஐந்து குண்டும் கைக்குட்டை அகலத்துக்குள்.
எப்படி என்றார்.
சுகமாக இருக்கிறது என்றேன்.

அந்தச் சொல் ரயிலிலும் கூடவே வந்தது.
இடுப்பில் இன்னும் ஒன்றுமில்லை.
எதிர் இருக்கைக் குழந்தை
என் மடிக்குத் தாவப் பார்த்தபோது
வலப்பக்கத்தைச் சன்னலோரம்
திருப்பி உட்கார்ந்தேன்.