எண்பதில் நின்ற முள்

தொண்ணூறு பாகை கேட்டால்
நூற்று நான்கு தருகிறது,
இரண்டு நாளாக இப்படித்தான் என்றான் கந்தோமர்.
பெயருக்கு எஃகிரும்பு என்று பொருள்.
கையில் அடுப்பின் பக்கத் தகடு,
எந்த மூலையோடும் சேராமல்
பாதி விரிந்து கிடந்தது.

உலான்பாத்தரின் வடக்குச் சரிவில்
கெர் கூடாரங்கள் புகைவிடும் நேரம்.
வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது அடுப்புகள்.
முடிந்து நிற்பவை பதினொன்று.

இருநூற்றுப் பத்துக்குப் போகவேண்டிய முள்
எண்பதில் நின்று
லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

பம்ப் செத்துவிட்டது என்றார் முதலாளி தாஷ்ஸெவெக்.
எல்லை தாண்டி எரென்ஹோத்தில் புதியது கிடைக்குமாம்.
வர ஒன்பது நாள்.
விலையும் கேட்டுவிட்டார்.

பொறுங்கள் என்றேன்.
பம்பைப் பழிப்பது சுலபம்,
வாய்விட்டுக் கத்துவது அது ஒன்றுதானே.

கத்தியதும் உண்மை.
கூழாங்கல்லை மெல்வதுபோல் ஒரு சத்தம்.
கணப்பில்லாத கொட்டகையில்
இரவெல்லாம் பாகாய் இறுகிய எண்ணெயை
உறிஞ்ச முடியாமல் திணறியது.
தொட்டியை ஹீட்டரால் சூடாக்கினேன்.
ஒன்றரை மணி நேரம், மூன்று கோப்பை உப்புத் தேநீர்.
சத்தம் அடங்கியது.
முள் அசையவில்லை.

எண்ணெய் மட்டம் சரி.
சல்லடையில் கொஞ்சம் கசடு, கழுவினேன்.
மின்சாரம் போய் வந்ததில்
மோட்டார் திசை மாறியதோ என்று பார்த்தேன்,
அம்புக்குறியும் விசிறியும் ஒரே பக்கம்தான்.
சிலிண்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும்
அடைத்துவிட்டு ஓட்டினேன்.
அப்போதும் எண்பது.
ஆக, சிலிண்டர் சீல்கள் நிரபராதிகள்.

இதற்குள் யாரோ ரிலீஃப் வால்வின் திருகை
முடிந்தமட்டும் இறுக்கியிருந்தார்கள்.
யாரென்று கேட்கவில்லை.
கந்தோமர் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான்.
நான்கு சுற்றுத் தளர்த்தினேன்.
கோளாறு தீரும் நிமிடத்தில்
அந்த நான்கு சுற்றுக்கும் சேர்த்து
இயந்திரம் கணக்குத் தீர்த்துவிடும்.

பிறகு வெறுங்கையால்
தொட்டிக்குத் திரும்பும் மெல்லிய குழாயைத் தொட்டேன்.
எல்லாம் விறைத்த அந்தக் கொட்டகையில்
அது மட்டும்
காய்ச்சல்காரன் நெற்றி.

அழுத்தம் காணாமல் போவதில்லை.
தகட்டை மடக்கப் போகாதது
வெறும் சூடாய்
வந்த வழியே வீடு திரும்புகிறது.

மேல் தாடையைக் கட்டைகள்மேல் இறக்கி நிறுத்தி
மின்சாரத்தை அணைத்து
வால்வைக் கழற்றினேன்.
கூம்பு அமரும் விளிம்பில்
வெள்ளையாய், இமைமயிர் அளவில்.
இரும்பில்லை. ரப்பரில்லை.
ஒரு நூல் பிசகு என்பார்களே,
அதை விரல்நுனியில் எடுத்தேன்.

மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்.
அக்டோபரில் மானிக்குக் கீழே கசிந்தபோது,
நரந்தூல் சந்தையில் வாஷர் தீர்ந்துபோன மாலையில்,
இன்றைக்கு மட்டும் என்று சொல்லிச் சுற்றியவை
இந்த விரல்கள்தான்.

என்ன அது நர்மந்தாக் என்றார்
டார்ச் பிடித்துக்கொண்டிருந்த தாஷ்ஸெவெக்.

சட்டைப்பைக்குள் போக அதற்கு ஒரு நொடி போதும்.
எடையில்லை.
பம்புக்கு விலை கேட்டு வைத்திருக்கும் மனிதர்
நான் எதைச் சொன்னாலும்
சந்தோஷமாக நம்புவார்.

என்னுடையது என்றேன்.

நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
டார்ச் வெளிச்சம் கொஞ்ச நேரம்
என் முகத்திலேயே நின்றது.
பெட்ரோலுக்கு மட்டும் தருவேன் என்றார்.
சரி என்றேன்.
இரண்டு நாள் கூலி உனக்கா எனக்கா என்று
கந்தோமர் கேட்டதற்கு
இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை.

டேப்பெல்லாம் சுரண்டி,
பெட்டியின் அடியில் கிடந்த செம்பு வாஷரைப் போட்டு,
திருகைக் கால் கால் சுற்றாய் இறுக்கினேன்.
தொண்ணூறு. நூற்று நாற்பது.
நூற்றெண்பதில் சற்று யோசித்து,
இருநூற்றுப் பத்து.

கந்தோமர் தகட்டை வைத்தான்.
மடங்கியதும் மூலைமட்டத்தைப் பொருத்தி
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.
இடுக்கில் எங்கும்
வெளிச்சம் கசியவில்லை.

பன்னிரண்டு என்றான்,
அடுத்ததை எடுத்தபடி.