பதினெட்டு மாதம்

செத்துப் பதினொரு நாளான றொனால்டோவுக்குப்
பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லச் சொன்னது என் போன்.
பஸ் செய்யும் தொழிற்சாலையில்
பக்கத்தில் நின்று கதவு பூட்டுகிறவன்.
இரண்டு பேர் கேக் படம் போட்டிருந்தார்கள்.
நூறாண்டு வாழ்க என்று ஒருவர்.

அன்றிரவே சுபத்திராவிடம் சொன்னேன்,
எங்கட கணக்குகளை ஒழுங்குபடுத்த வேணும்.
"வீட்டுக் கடன் முடியேல்லை,
அதுக்குள்ள சாகப் போறியளோ?"
என்றாலும் பேனை எடுத்தாள்.

வினிபெக்கில் தை மாத ஞாயிறு.
வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
சுவரில் வயர் செருகிய கார்கள்
பால் குடிக்கும் குட்டிகள் போல நின்றன.
கரண்ட் பில்லின் முதுகில் எழுதினாள்:

வங்கி. வருமான வரி.
சீட்டுக்காரரின் வாட்ஸ்அப் குழு, அதில் நான் இல்லை.
இருபத்தோராயிரம் படங்கள்.
பாதி, காரை எங்கே விட்டோமென்று மறக்காமலிருக்க
எடுத்து வைத்த தூண்கள்.
கடவுச்சொல் எல்லாவற்றுக்கும் ஒன்றே,
கடைசி இலக்கம் மட்டும் வேறு.
"கள்ளனுக்கும் கஷ்டம் குடுக்கக் கூடாதெண்டோ?" என்றேன்.
சிரிக்கவில்லை.

ஒன்பதாவதாய் ஒரு முகவரி.
இருபத்திரண்டு வருசம் ஒரே கட்டிலில் படுத்தும்
எனக்குத் தெரியாத முகவரி.
வயிற்றுக்குள் சின்னதாய் ஒரு குளிர் ஓடியது.
"இது ஆருடையது?"
"கேதீஸின்ர."

சமாதான காலத்தில், கிளிநொச்சியில்,
மணித்தியாலத்துக்குக் காசு வாங்கிய ஒரு கடையில்
அக்காவும் தம்பியுமாய்த் திறந்த கணக்கு.
கடவுச்சொல் அவர்கள் வளர்த்த நாயின் பெயர்.
என்னிடம் சொன்னாள். இங்கே எழுத மாட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசிக்குப் பிறகு
அவனைக் கண்டவர் இல்லை.
கண்டதாய்ச் சொன்னவர் இருவர்,
ஆளுக்கொரு நிறத்தில் சட்டை சொன்னார்கள்.
மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றபோது
மாமி கை நீட்டவில்லை.

பாவிக்காத கணக்கை அழித்துவிடுவோம் என்று
கம்பனி ஒருநாள் எழுதியதாம்.
அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருக்கா,
நான் இரவு வேலைக்குப் போனபின்,
தம்பியாகி உள்ளே போகிறாள்.
செருப்பு விற்கும் கடிதங்களை அழிக்கிறாள்.
அவன் எழுதத் தொடங்கி அனுப்பாமல் விட்டது ஒன்று,
"அன்புள்ள" என்ற சொல்லோடு நிற்கிறது.
அதில் கை வைப்பதில்லை.
வெளியே வருகிறாள்.
கம்பனியின் கணக்கில் அவன் இருக்கிறான்.

நான் ஒன்றும் சொல்லாமல்
என் கணக்கின் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.
எத்தனை மாதம் சத்தமில்லாவிட்டால்
நீங்கள் இல்லையென்று நாங்கள் எடுத்துக்கொள்ளலாம்?
மூன்று. ஆறு. பன்னிரண்டு. பதினெட்டு.

"பதினெட்டோட முடியுதே?"
விரலால் இழுத்துப் பார்த்தாள்.
அதற்குக் கீழே ஒன்றுமில்லை.
இன்னொருதரம் இழுத்தாள்.

எனக்கு மூன்று போதும் என்றேன்.
தனக்கு எதையும் தொடாமல்
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு,
பில்லில் ஒவ்வொன்றுக்கும் நேரே எழுதினாள்.
மூடவும். மூடவும்.
படங்கள் பிள்ளைகளுக்கு, தூண்கள் நீங்கலாக.
ஒன்பதாவதுக்கு நேரே:
மாசி, வைகாசி, ஆவணி, கார்த்திகை.
சும்மா போட்டு வந்தால் காணும்.

இந்த மாசியில் அவளுக்குக் காய்ச்சல்.
அரை நித்திரையில் திகதி கேட்டாள்.
குசினி மேசையில் தனியாக இருந்து
நாயின் பெயரை அடித்தேன்.
ஆள்தானா என்று சந்தேகப்பட்ட திரை
பஸ் தெரியும் கட்டங்களைத் தொடச் சொன்னது.
பஸ் எனக்குத் தெரியும்.
மூலையில் கண்ணாடி மட்டும் எட்டிப் பார்த்த கட்டத்தையும்
விடாமல் தொட்டேன்.

மீண்டும் வருக, கேதீஸ்.

புதிதாய் ஒரு கடிதம்.
செருப்பு, அரை விலை, நாளை வரைக்கும்தான்.
அழிக்க முன்
அவனுடைய அளவு என்னவென்று யோசித்தேன்.