இருநூறு என்று எழுதியிருந்த பெட்டி

கேட்டின் கீல் ஜனவரியில் உடைந்தது.
லியெபாயாவில் காற்று உள்ளூர்க்காரன்,
யார் வீட்டிலும் கேட்டுவிட்டு நுழைவதில்லை.
இரண்டு மாதம் கயிற்றால் கட்டி வைத்தேன்.
விடியுமுன் டிராம் டிப்போவுக்குக் கிளம்பும்போது
விறைத்த விரல்களோடு ஒரு முடிச்சு.

வெல்டர் ஒருவர் வந்து பார்த்தார்.
கீலைப் பார்த்ததைவிட
என் வீட்டைத்தான் அதிகம் பார்த்தார்.
அறுபது யூரோ. அதுவும் ஏப்ரலில்தான்.
அந்தக் காசுக்கு மிஷினே வாங்கலாமே என்று
வாய்தவறிச் சொன்னேன்.
அவர் சிரித்துக்கொண்டே போனார்.

கடையில் முதல் வரிசையில் ஒரு மஞ்சள் பெட்டி.
எழுபத்தொன்பது யூரோ.
நெற்றியில் பட்டை போட்டதுபோல் 200.
"இருநூறு ஆம்பியரா?"
கடைப்பையன் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"இருநூறு என்று எழுதியிருக்கிறது" என்றான்.
இதைவிட நேர்மையான பதிலை
நான் எந்தக் கடையிலும் கேட்டதில்லை.

வீட்டு மெயின் பெட்டியைத் திறந்தேன்.
பதினாறு ஆம்பியர் ஃபியூஸ்.
கெட்டில் கொதிக்கையில் அயர்ன் பாக்ஸ் போட்டாலே
மூச்சை விட்டுவிடும்.
இருநூறாம், இருநூறு!
முழங்கால் அளவுத் தண்ணீருக்குக்
கப்பல் விற்கிறார்கள்.

பின்பக்கத் தகட்டில் எறும்பு எழுத்தில் இன்னொரு கணக்கு:
முழு மூச்சில் ஓடினால்
பத்து நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் வேலை,
எட்டரை நிமிடம் ஓய்வு.
என் மைத்துனன் ஓயார்ஸ் ஞாபகத்துக்கு வந்தான்.

எனக்கு வேண்டியது
இரண்டரை மில்லிமீட்டர் குச்சி எரியும் அளவு.
எண்பது, மிஞ்சினால் தொண்ணூறு.
கம்பி தானாக ஓடிவரும் வகையையும் பார்த்தேன்.
கைக்குச் சுலபம், பைக்குக் கஷ்டம்.

கரோஸ்டாவில் ஒரு கராஜ்.
மதாரா, பல் டாக்டரிடம் உதவியாளர்.
படகு இழுக்கும் டிரெய்லரை முடித்துவிட்டாள்,
இனி மிஷின் வேண்டாமாம்.
நூற்றிருபது ஆம்பியர், தேய்ந்த கைப்பிடி, அறுபத்தைந்து யூரோ.
"வாங்குமுன் எரித்துப் பார்."
குச்சி ஒட்டிக்கொண்டது. இழுத்தேன்,
மேஜையும் கூடவே வந்தது.
இரண்டாம் முறை ஒளி பிடித்தது.
நான் போட்ட கோடு
கோழி நடந்த சேறு.
கடைவாய்ப்பல்லைப் பார்ப்பதுபோல் டார்ச் அடித்துப் பார்த்து
"பிடித்திருக்கிறது, அழகு அப்புறம் வரும்" என்றாள்.

மிஷினில் பத்து யூரோ குறைத்தாள்.
முகமூடியைக் கேட்டேன், தரவில்லை.
"புதிதாக வாங்கு. அங்கே மட்டும் மலிவு தேடாதே."
தொண்ணூறு யூரோ.
நாள் முழுக்கப் பாதை பார்க்கும் கண்கள்,
பேரம் பேச மனம் வரவில்லை.
ஆக, அறுபதை மிச்சம் பிடிக்க
நூற்று நாற்பத்தைந்து.

இப்போது டிராம் ஓட்டுகையில்
தண்டவாள இணைப்புகள் மேல் கவனம் போகிறது.
சக்கரம் தடுக்காத ஒவ்வோர் இடத்திலும்
யாரோ ஒருவர் குனிந்திருந்திருக்கிறார்.
பதினெட்டு வருடமாக
அதன்மேல்தான் ஓட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை, காற்று ஓய்ந்த ஒரு மணி நேரம்.
வெளிப்பக்கம் நின்று கேட்டைச் சாத்தி,
துருவைச் சுரண்டி, நேர் பார்த்து,
கொஞ்சம் எரித்து, ஆறவிட்டு, மறுபடி எரித்து.
கசடைத் தட்டினேன். அடியில் வெள்ளி.

எதிர்வீட்டு குன்வால்டிஸ் தெருவைக் கடந்து வந்தார்.
கேட்டைப் பிடித்து உலுக்கினார்.
"உறுதி, வெல்கா. நல்ல உறுதி."
இன்னொரு முறை உலுக்கினார்.
"திறக்குமா?"

கீலின் இரண்டு இதழ்களையும்
ஒன்றாகவே சேர்த்திருந்தேன்.

முதலில் மிஷின், பிறகு முகமூடி,
பிறகு அவர் கைகொடுக்க நான்,
ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கு மேலே உள்ளே போனோம்.
அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு
கிரைண்டர் விலை பார்க்க உட்கார்ந்தேன்.
இருபத்தொன்பது யூரோவிலிருந்து இருக்கிறது.
முதல் பெட்டியின் நெற்றியில்
எண்ணூறு என்று எழுதியிருந்தது.