பதினோராம் எண் அறை

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில்
மூச்சு அளக்கும் அறை என்னுடையது.
மூக்கில் கிளிப் மாட்டி
அட்டைக்குழலை வாயில் கொடுத்து
நாளெல்லாம் கத்துவேன்:
ஊதுங்க, ஊதுங்க, விடாம,
இன்னும், இன்னும்.

படிவத்தில் பெண் என்று குறித்ததும்
புகைப்பழக்கம் என்ற கட்டத்தில்
கேட்காமலே 'இல்லை' எழுதிவிடும் என் பேனா.

தேவனாம்பட்டினத்து அஞ்சலாட்சி
மூன்று முறை ஊதினாள்.
திரையில் கோடு எழுந்து
நைந்த கயிற்றுக் கட்டிலாய்த் தொய்ந்தது.
நூற்றுக்கு நாற்பத்தொன்று.

"அடுப்புப் புகையாம்மா?"
சிரிக்கப் போய் இருமினாள்.
"நீ கேக்கவே இல்லியே பொண்ணு.
சுருட்டு.
மூணு மணிக்கு ஏலத்துக்கு நிக்கறப்ப
பனிக்கு அதான் போர்வை.
எம் புருசனுக்கும் அதே கட்டுதான்.
அவரு இன்னும் வலை இழுக்கறாரு,
எனக்கு மட்டும் ஏன்
கெடிலம் பாலம் ஏறினா நெஞ்சு அடைக்குது?"

படித்ததைச் சொன்னேன்:
நமக்குக் குழாய் கொஞ்சம் குறுகல்னு சொல்றாங்க,
அதே புகைக்கு நமக்குச் சேதம் அதிகமாம்.
"கூலியில பாதி
சேதத்துல ரெட்டிப்பு"
கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

'இல்லை'யை அடித்துத் திருத்தினேன்.

என் கைப்பையின் உள்ஜிப்பில்
நேற்று சில்வர் பீச்சுக்குப் போகும் வழியில் வாங்கிய பாக்கெட்,
பத்தில் மூன்று மீதி.

கதவைத் தாழிட்டு
புதுக்குழல் ஒன்றைப் பிரித்தேன்.
வயது முப்பத்துநான்கு.
பெண்.
அடுத்த கட்டத்தில்
பேனா நிற்கிறது.

இன்னும், இன்னும் என்று கத்த
அறையில் யாருமில்லை.