காற்றுக்குக் கழித்தது

பதினோரு பந்து வாங்கினோம், பதிவேட்டில் எழுதி.
கையெழுத்து என்னுடையது.
கேட்சர் தலையில்தான் எப்போதும் கணக்கு.

அதுவரை பல்கலைக்கழகம் என்பது
மதிப்பெண் பட்டியலின் தலையில் ஒரு முத்திரை,
அரியர் சலானில் ஒரு வங்கிக் கணக்கு எண்.
ஏழு கல்லூரியிலிருந்து பதினாறு பேர்
அபிஷேகப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினபோதுதான்
அதற்கு ஒரு மைதானம் உண்டு என்று தெரிந்தது.
மைதானத்தில் மயில் உண்டு.
மூன்றாவது பேஸுக்குப் பின்னால் உடைமரம் உண்டு,
அதற்குள் போன பந்தை எடுத்தவள்
முழங்கையில் ரத்தக்கோடு உண்டு.

எல்லாரும் என்னைப் பார்த்து நிற்பார்கள்.
நான் ஒருத்திதான் அவர்களைப் பார்த்துக் குத்தவைத்திருப்பேன்,
துரு மணக்கும் கம்பி முகமூடிக்குள்.
அதனால் சொல்கிறேன்:
முப்பிடாதி கீழுதட்டைக் கடித்தால் வேகப்பந்து.
கடிக்காவிட்டாலும் வேகப்பந்துதான், வேறு அவளுக்கு வராது.
மேலப்பாளையத்து மீராள்
முக்காட்டின் மேல் தொப்பியை அழுத்திக் குனிந்தால்
தரையோடு வரும் பந்துக்கு வழியில்லை.
ஜெபக்கனி முதல் பேஸை விட்டு ஒரு கால் எடுக்கமாட்டாள்,
ரேஷன் வரிசையில் இடம் பிடித்தவளைப்போல.

பேச்சித்தாய் சென்டர் ஃபீல்ட்.
கயத்தாறு பக்கம், காற்றாலை நிழல் சுற்றுகிற வீடு.
ஆனியில் செலக்ஷன். மேகாத்து
எங்கள் சட்டைக்குள் புகுந்து முதுகை உப்ப வைத்தது.
உயரே போன பந்து எங்கள் எல்லாரையும் ஏய்த்தது.
அவள் பந்தைப் பார்க்கவே மாட்டாள்.
உடைமர உச்சி எப்படி ஆடுகிறது என்று பார்ப்பாள்,
கிழக்கே ஆறு தப்படி வைப்பாள்,
கிளவ்வைத் திறப்பாள்.
விலாசம் தெரிந்த தபால்போல வந்து விழும்.

எப்படிம்மா என்றார் கோச்.
"காத்துக்குக் கழிச்சிட்டு நிக்கேன் சார்."

தையில் பஞ்சாபில் ஏதோ ஓர் ஊர்.
பெயரைச் சான்றிதழில் பார்த்துக்கொள்ளலாம்.
மூன்று ரயில், உறுதியான படுக்கை நாலு.
சீருடை முதுகில் திருநெல்வேலிக்கு
ஆங்கிலத்தில் ஓர் எழுத்து குறைவு.
துவைத்தால் இன்னும் ஒன்று போகும் என்றாள் மீராள்.

மைதானம் முழுக்கப் பனி.
கம்பத்தில் கொடி, நனைந்த துவாலை மாதிரி தொங்கியது.
முதல் இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட்,
சென்டருக்கு நல்ல உயரத்தில் ஒரு பந்து.
முடிந்தது என்று
நான் முகமூடியைக் கழற்றிவிட்டு எழுந்தே விட்டேன்.
பேச்சி அண்ணாந்து பார்க்கவில்லை.
ஆறு தப்படி வைத்தாள்.
கிளவ்வைத் திறந்தாள்.
அவள் முதலில் நின்ற இடத்தில்
நூல் பிடித்தமாதிரி நேராக விழுந்தது.

அங்கிருந்தே கத்தினாள்:
"ஏட்டி, இங்க காத்தே இல்லட்டீ!"
அந்த ஊர்ப் பிள்ளைகள் சிரித்தார்கள், மொழி புரிந்து அல்ல.
நாங்களும் சிரித்துவிட்டோம்.

பதினாறுக்கு ஒன்று.
அந்த ஒன்று மீராளுடையது. நாலு பந்து விட்டு முதல் பேஸ்,
திருடி இரண்டு, திருடி மூன்று,
அவர்கள் பிட்சர் கை வழுக்கின பந்துக்கு ஹோம்.
மட்டையில் பட்டு ஒன்றும் வரவில்லை.
ஐந்து இன்னிங்ஸோடு போதும் என்றார் நடுவர்.

திரும்பும்போது மணியாச்சியில் கிராசிங்.
இன்னும் சரியாக விடியவில்லை.
பேச்சி இறங்கினாள், பையில் கைவிட்டு ஒரு பந்தை எடுத்தாள்,
கூரை முடிகிற இடத்தில் நின்று
மேலே எறிந்தாள்.
கிழக்கே ஆறு தப்படி.

தை மாதம். கொண்டல்.
பந்து மேற்கே சரிந்து
ஜல்லிக்கல்லில் ஒரு குதி குதித்து
நின்றிருந்த சரக்கு வண்டிக்கு அடியில் போனது.
விரித்த வெறுங்கையைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.
"சவம், போட்டு" என்று வண்டி ஏறினாள்.

பொருள் ஒப்படைக்கும் பதிவேட்டில்
வாங்கியது பதினொன்று, திரும்பியது பத்து.
குறைவுக்குக் காரணம் என்ற கட்டத்தில்
காற்று என்று எழுதினேன்.
இளநிலை உதவியாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.
கோடு போட்டு அடித்தார்.
பக்கத்தில் எழுதினார்: தேய்மானம்.
கீழே கையெழுத்து என்னுடையது.